அரசனும் கூத்தாடியும் (கொரியத் திரைப்படம்)

'அரசனும் கூத்தாடியும்' 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று தென்கொரியாவில் வெளிவந்த வரலாற்றுப் புனைவுத் திரைப்படம். லீ ஜூன்-இக் இயக்கியது. உலக அரங்கில் 'தி கிங் அண்ட் தி கிளவுன்' என்ற ஆங்கிலப் பெயரால் அறியப்படுகிறது. ஜோசொன் அரச மரபின் பத்தாவது மன்னனும் கொரிய வரலாற்றில் கொடுங்கோலன் என்று பெயரெடுத்தவனுமான யோன்சானின் காலத்தில் கதை நடக்கிறது. தெருவில் கயிற்றின் மேல் நடந்து பிழைக்கும் இரண்டு கூத்தாடிகள் அரண்மனைக்குள் கொண்டுவரப்படுவதும், அங்கே அரசனின் அன்புக்கும் அரசவையின் வஞ்சகத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்வதும் இதன் கரு.

காதல், துரோகம், பழி என்ற மூன்றும் பல வரலாற்றுப் படங்களில் வருபவைதாம். இந்தப் படத்தில் அவை மூன்றும் கூத்து மேடையின் வழியாகவே வெளிப்படுகின்றன. அநீதிக்கு ஆளான இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துவது இதன் தனித்தன்மை. ஒருவன் நாட்டின் அரசன், மற்றவன் நாட்டின் கடைநிலைக் கூத்தாடி. தனக்கு நேர்ந்த அநீதிக்கு இருவரும் தரும் விடைகளில் உள்ள வேறுபாடே படத்தின் சாரம்.

பெயரும் மூலமும்

படத்தின் கொரியப் பெயர் 'வாங்கே நம்ஜா'. 'வாங்' என்றால் அரசன், 'நம்ஜா' என்றால் ஆண். 'அரசனின் ஆண்' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். அரசனுக்கு உரியவர்கள் என்று அந்தப்புரப் பெண்களைச் சொல்வதே வழக்கமாக இருந்த அரண்மனையில் ஓர் ஆண் அந்த இடத்துக்கு வருகிறான் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

நாடக ஆசிரியர் கிம் தே-ஊங் எழுதி 2000-ஆம் ஆண்டு மேடையேறிய 'யி' என்ற நாடகம் படத்தின் மூலம். 'யி' என்பது அரசன் தனக்கு உகந்த குடிமகனை மதிப்போடு விளிக்கும் சொல். நாடகத்தைத் தழுவித் திரைக்கதை அமைத்தவர் சோய் சோக்-ஹ்வான். நாடகத்தில் கொங்கில் என்ற கூத்தாடி மையத்தில் நிற்கிறான். திரைப்படமோ அவனுடைய தோழன் ஜாங்செங்கின் கண்களால் பெரும்பாலும் கதையைப் பார்க்கிறது.

வரலாற்றுப் பின்னணி

யோன்சான் 1476-இல் பிறந்தான். தந்தை சோங்ஜோங் மன்னன், தாய் யுன் குலத்து அரசி. அந்தப்புரப் பூசல்களால் 1479-இல் அந்த அரசி பட்டம் பறிக்கப்பட்டு அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டாள். 1482-இல் நஞ்சு கொடுத்து அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது மகனுக்கு வயது ஆறு. உண்மை மறைக்கப்பட்ட நிலையில் வளர்ந்த அவன் 1494-இல் தந்தையின் மறைவுக்குப் பின் அரியணை ஏறினான்.

அவனது ஆட்சியில் இரண்டு பெரும் களையெடுப்புகள் நிகழ்ந்தன. 1498-இல் நடந்த முதல் களையெடுப்பு வரலாற்றுக் குறிப்பு ஒன்றைக் காரணமாக்கி அறிஞர்கள் மேல் பாய்ந்தது. 1504-இல் நடந்த இரண்டாவது, தாயின் மரணத்துக்குப் பழிவாங்கும் முயற்சி. தாயின் வீழ்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று கருதப்பட்ட தந்தையின் இரண்டு துணைவியர் அடித்துக் கொல்லப்பட்டனர். அரசியை நீக்கியதற்கு உடன்பட்ட அமைச்சர்களும் அறிஞர்களும் தண்டிக்கப்பட்டனர். முன்பே இறந்துபோனவர்களின் கல்லறைகள்கூடத் தோண்டப்பட்டன. அரசனின் பாட்டியான இன்சு அரசியும் அதே ஆண்டில் இறந்தாள்.

இதே காலத்தில் யோன்சான் மக்களின் வாயை அடைக்கவும் முனைந்தான். அரசனைப் பழிக்கும் பெயரில்லாத அறிவிப்புத் தாள்கள் எளிய கொரிய எழுத்தான ஹங்குலில் எழுதப்பட்டு வெளிவந்தபோது, அந்த எழுத்தைக் கற்பதற்கும் பயன்படுத்துவதற்கும் தடை விதித்தான். அரண்மனைப் பணியாளர்கள் பேச்சில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை நினைவூட்டும் வாசகம் பொறித்த வில்லையை அணிந்துகொள்ள ஆணையிட்டான். நாட்டின் உயர்கல்வி நிலையமான சோங்க்யுன்க்வானைக் கேளிக்கைக்கான இடமாக மாற்றினான்.

1506-இல் அமைச்சர்களும் படைத்தலைவர்களும் சேர்ந்து அவனை அரியணையிலிருந்து இறக்கி, அவனுடைய மாற்றாந்தாய் மகனான தம்பி ஜுங்ஜோங்கை அரசனாக்கினர். யோன்சான் கங்வா தீவை அடுத்த கியோதோங் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, சில வாரங்களிலேயே இறந்தான். ஜோசொன் மன்னர்கள் இறந்தபின் 'ஜோ' அல்லது 'ஜோங்' என்று முடியும் பட்டப்பெயர் பெறுவர். யோன்சானுக்கு அந்தப் பெருமை மறுக்கப்பட்டது. இளவரசன் என்ற பொருள் தரும் 'குன்' என்ற அடைமொழியோடு 'யோன்சான்குன்' என்றே வரலாறு அவனைக் குறிக்கிறது.

கூத்தாடிகளின் உலகம்

கொரிய மொழியில் கூத்தாடியைக் 'குவாங்தே' என்பர். ஊர் ஊராகச் சென்று ஆடிப்பாடிப் பிழைத்த இவர்கள் ஜோசொன் சமூகத்தில் மிகத் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். ஆண்கள் மட்டுமே கொண்ட நாடோடிக் கூத்துக் குழுக்கள் 'நம்சாதாங்' எனப்பட்டன. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றனர்.

நம்சாதாங் கலையில் ஆறு பகுதிகள் உண்டு. தாள வாத்திய இசை, கோலின் நுனியில் தட்டைச் சுழற்றுதல், கரணம் போடுதல், கயிற்றின் மேல் நடத்தல், முகமூடிக் கூத்து, பொம்மலாட்டம் என்பன அவை. கயிற்றில் நடப்பவர் கையில் விசிறியோடு நடந்தும் குதித்தும் அமர்ந்தும் வித்தை காட்டுவார். கூடவே கீழே நிற்கும் கோமாளியோடு சொல்லுக்குச் சொல் வாதாடி மக்களைச் சிரிக்க வைப்பார். முகமூடிக் கூத்தில் பிரபுக்களையும் துறவிகளையும் கேலி செய்வது மரபு. முகமூடி அணிந்தவன் பேசுவதற்கு ஓரளவு விலக்கு உண்டு என்பது எழுதப்படாத விதி. நம்சாதாங் கலை 2009-இலும் கொரியக் கயிற்று நடை 2011-இலும் யுனெஸ்கோவின் தொட்டறியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கதைச் சுருக்கம்

ஜாங்செங்கும் கொங்கிலும் ஒரு நாடோடிக் குழுவில் கயிற்று வித்தை காட்டும் கூத்தாடிகள். கொங்கில் பெண் வேடம் கட்டுபவன், அழகன். குழுத் தலைவன் அவனைச் செல்வந்தர்களின் இரவுக்கு விலை பேசுவதை ஜாங்செங்கால் பொறுக்க முடியவில்லை. அதைத் தடுக்கப்போய் அவன் அடிபடும்போது, அவனைக் காக்கக் கொங்கில் குழுத் தலைவனைக் கொன்றுவிடுகிறான். இருவரும் தலைநகர் ஹான்யாங்குக்குத் தப்பி ஓடுகின்றனர். ஹான்யாங் என்பது இன்றைய சியோல்.

தலைநகரில் யுக்கப் உள்ளிட்ட மூன்று தெருக்கூத்தாடிகளோடு சேர்ந்து புதுக் குழு அமைக்கின்றனர். அரசனையும் அவனுடைய ஆசைநாயகி நொக்சுவையும் கேலி செய்யும் கூத்து ஒன்றைப் போடுகிறார்கள். சந்தையில் கூட்டம் அலைமோதுகிறது. அரசனின் மூத்த அந்தரங்கப் பணியாளனான சோசொன் அவர்களைப் பிடித்துச் செல்கிறான். அரசனை இழிவுபடுத்திய குற்றத்துக்கு மரணமே தண்டனை. 'அரசன் பார்த்துச் சிரித்துவிட்டால் அது இழிவு ஆகாதே' என்று ஜாங்செங் வாதாடுகிறான். அரசன் முன் கூத்து நடக்கிறது. மற்ற மூவரும் அச்சத்தில் உறைந்துபோக, ஜாங்செங்கும் கொங்கிலும் கடைசி நேரத்தில் சமாளிக்கிறார்கள். அரசன் சிரித்துவிடுகிறான். கூத்தாடிகள் அரண்மனையிலேயே தங்க வைக்கப்படுகின்றனர்.

அடுத்த கூத்து ஊழல் அதிகாரிகளைக் கேலி செய்கிறது. அவையில் ஓர் அமைச்சர் நடுங்குவதை அரசன் கண்டுகொள்கிறான். அவருக்குத் தண்டனை கிடைக்கிறது. அதற்கடுத்த கூத்தோ அரசியர் பூசலையும், நஞ்சுக் கோப்பையையும் காட்டுகிறது. தாயின் கதை கண்முன் நடப்பதைக் காணும் அரசன் வெறிகொண்டு, தந்தையின் துணைவியர் இருவரையும் அங்கேயே கொல்கிறான். பாட்டி அதிர்ச்சியில் சாய்கிறாள்.

இதற்கிடையே அரசன் கொங்கிலைத் தன் அறைக்கு அடிக்கடி அழைத்து விரல் பொம்மலாட்டம் காட்டச் சொல்கிறான். 'போய்விடலாம்' என்று ஜாங்செங் வற்புறுத்துகிறான். முதலில் அரசன் மேல் இரக்கம் கொண்ட கொங்கில், பிறகு விடுதலை கேட்டுக் கெஞ்சுகிறான். அரசன் விடுவதாக இல்லை. அமைச்சர்கள் வேட்டையின் பெயரால் கொங்கிலைக் கொல்லத் திட்டமிடுகின்றனர். அந்த வேட்டையில் யுக்கப் உயிரிழக்கிறான்.

பொறாமையால் வெந்த நொக்சு, அரசனைப் பழிக்கும் தாள்களைக் கொங்கிலின் கையெழுத்தில் எழுதச் செய்து பரப்புகிறாள். கொங்கில் மேல் விழும் குற்றத்தை ஜாங்செங் தன் தலையில் ஏற்றுக்கொண்டு சிறை செல்கிறான். சோசொன் இரகசியமாக அவனை விடுவித்து, கொங்கிலை மறந்து ஓடிப்போகச் சொல்கிறான். அவன் ஓடவில்லை. அரண்மனைக் கூரைகளுக்கு நடுவே கயிறு கட்டி ஏறி, உரத்த குரலில் அரசனைக் கேலி செய்கிறான். அரசன் அம்பெய்கிறான். கீழே விழுந்து பிடிபட்ட ஜாங்செங்கின் கண்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொசுக்கப்படுகின்றன. கொங்கில் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்படுகிறான்.

இறுதியில் பார்வையிழந்த ஜாங்செங்கைக் கயிற்றின் மேல் நடக்கச் சொல்கிறான் அரசன். அவன் தன் கதையைச் சொல்லிக்கொண்டே நடக்கும்போது, கொங்கில் ஓடிவந்து கயிற்றின் மறுமுனையில் ஏறுகிறான். 'மறுபிறவியில் என்னவாகப் பிறப்பாய்?' என்ற கேள்விக்கு இருவரின் விடையும் ஒன்றே: மறுபடியும் கூத்தாடியாக. கலகப் படை அரண்மனைக்குள் நுழைகிறது. இருவரும் கயிற்றிலிருந்து ஒன்றாக மேலே எழும்புகிறார்கள். படம் அவர்களை அந்தரத்திலேயே நிறுத்திவிடுகிறது. பிறகு, இறந்த யுக்கப்பும் சேர்ந்த அந்தப் பழைய குழு, வெட்டவெளியில் ஆடிப்பாடிக்கொண்டு நடந்து போகும் காட்சியோடு படம் நிறைவடைகிறது.

காதல்

ஜாங்செங்குக்கும் கொங்கிலுக்கும் இடையே உள்ள உறவுக்குப் படம் எங்கும் பெயர் சூட்டவில்லை. நட்பு, உடன்பிறப்புப் பாசம், காதல் என்ற எந்த ஒரு சொல்லிலும் அது முழுமையாக அடங்குவதில்லை. பேச்சால் சொல்லாததை ஒரு விளையாட்டால் சொல்கிறது படம். இருவரும் பார்வையற்றவர்களாக நடிக்கும் கூத்து ஒன்று தொடக்கத்திலிருந்தே வருகிறது. நான் இங்கே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாய் என்று ஒருவரையொருவர் குரலால் தேடும் விளையாட்டு அது. தொடக்கத்தில் வேடிக்கையாக இருந்த இந்த விளையாட்டு, ஜாங்செங் உண்மையாகவே கண்ணிழந்த பிறகு மெய்யாகிவிடுகிறது. கயிற்றின் ஒரு முனையில் அவனும் மறுமுனையில் கொங்கிலும் நிற்கும்போது, முன்பு சிரித்த பார்வையாளர்கள் இப்போது கலங்குகிறார்கள்.

இந்தக் காதலின் அடையாளம், மற்றவனின் பழியைத் தான் சுமப்பது. தொடக்கத்தில் தோழனைக் காக்கக் கொங்கில் கொலைக் குற்றவாளியாகிறான். பிற்பகுதியில் கொங்கிலைக் காக்க ஜாங்செங் செய்யாத குற்றத்தை ஏற்கிறான். இருவருமே இதைத் தியாகம் என்று பேசிக்கொள்வதில்லை.

அரசன் கொங்கில் மேல் கொள்ளும் அன்பு வேறுவகை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தனியறையில் பொம்மைகளோடு விளையாடும்போது அவன் கொடுங்கோலனாகத் தெரிவதில்லை. தாயில்லாமல் வளர்ந்த சிறுவன் ஒருவனே அங்கே அமர்ந்திருக்கிறான். கொங்கில் அவனுக்காகக் கண் கலங்குவதும் அதனால்தான். ஆனால் இந்த அன்புக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. போக விடை கேட்டவனைப் போகவிடாத அன்பு, கேட்காமலே முத்தமிடும் அன்பு அது. குழுத் தலைவன் கொங்கிலைப் பணத்துக்கு விற்றான், அரசன் அதிகாரத்தால் வைத்துக்கொண்டான். இரண்டு இடத்திலும் கொங்கிலின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. தெருவிலிருந்து அரண்மனைக்கு வந்தும் அவன் நிலை மாறவில்லை என்பதைப் படம் உரக்கச் சொல்லாமல் உணர்த்துகிறது.

துரோகம்

படத்தில் துரோகம் நொக்சுவின் கையால் நேருகிறது. வரலாற்று நொக்சு அடிமைக் குடியில் பிறந்து, பாட்டிலும் ஆட்டத்திலும் தேர்ந்து, அரசனின் விருப்பத்துக்குரியவளாக உயர்ந்தவள். அவளுக்குக் குலமோ உறவோ துணையில்லை. அரசனின் அன்பு ஒன்றே அவளது இருப்புக்கு அடிப்படை. அது இன்னொருவர் பக்கம் திரும்பினால் அவள் விழ வேண்டியதுதான். ஆகவே அவளது வஞ்சகத்தை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கொங்கிலைப் போலவே அவளும் அரசனின் தயவில் நிற்பவள். ஒரே நிலையில் உள்ள இருவரை எதிரிகளாக்குவது அந்த அரண்மனையின் அமைப்பு.

அவள் கையாளும் ஆயுதம் எழுத்து. வரலாற்றில் பெயரில்லாத தாள்களைக் கண்டு அஞ்சி ஒரு மொழியின் எழுத்தையே தடை செய்த அரசனின் அவையில், எழுதப்பட்ட ஒரு தாளே ஒருவனைக் கொல்லப் போதுமானது. இந்த வரலாற்றுச் செய்தியை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் அச்சம் இன்னும் கூடுதலாகப் புரியும்.

சோசொனின் நிலை சிக்கலானது. அரசன் மேல் உண்மையான பற்றுள்ளவன். நேரடியாகச் சொன்னால் அரசன் கேட்கமாட்டான் என்பதால், கூத்தாடிகளின் வாயால் உண்மையைச் சொல்ல வைக்கிறான். ஊழல் அதிகாரிகள் பற்றிய கூத்துக்குப் பின்னால் இருப்பது அவன் எண்ணம். அரசனைத் திருத்த அவன் எடுத்த கருவி, அரசனின் பழைய காயத்தைக் கிளறிப் படுகொலையில் முடிகிறது. கூத்தாடிகளோ தாங்கள் எதற்குப் பயன்படுத்தப்படுகிறோம் என்று அறியாமலே இரத்தத்தில் நிற்கிறார்கள். நல்ல நோக்கத்தோடு செய்தாலும் எளியவர்களை அவர்கள் அறியாமல் கருவியாக்குவதும் ஒருவகைத் துரோகமே. அதை உணர்ந்தவனாகவே ஜாங்செங்கைச் சிறையிலிருந்து விடுவிக்கிறான் சோசொன்.

பழி

படத்தில் பழிவாங்க முழு உரிமை உள்ளவர்கள் இருவர்.

முதலாமவன் அரசன். ஆறு வயதில் தாயை இழந்தவன், அதன் காரணத்தையும் மறைத்து வளர்க்கப்பட்டவன். அவன் பழிவாங்குகிறான், அதற்கான அதிகாரமும் வாளும் அவன் கையில் உள்ளன. ஆனால் கொலைக்குப் பின் அவனுக்கு அமைதி கிடைப்பதில்லை. குடியும் வெறியும் கூடுகின்றன. அவனைச் சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். பாட்டியை இழக்கிறான், கொங்கிலின் சிரிப்பை இழக்கிறான், கடைசியில் அரியணையையும் இழக்கிறான். தாயைக் கொன்றவர்களைக் கொல்ல முடிந்தது. தாயை மீட்க முடியவில்லை.

இரண்டாமவன் ஜாங்செங். காதலித்தவனைப் பறிகொடுத்தான், செய்யாத குற்றத்துக்குச் சிறை புகுந்தான். சோசொன் விடுவித்த இரவில் அவன் கையில் விடுதலை இருந்தது. அவன் தேர்ந்தெடுத்த இடம் கயிறு. ஆயுதம் எதுவும் எடுக்காமல், தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்கிறான்: அரசனைப் பார்த்து, அரசனின் முகத்துக்கு நேரே, முகமூடி இல்லாமல் கேலி செய்கிறான். சந்தையில் பிழைப்புக்காகச் செய்த கேலி இப்போது உயிரைப் பணயம் வைத்த உண்மையாகிறது. அதற்காகக் கண்களை இழக்கிறான். கண்ணிழந்த பின்னும் கயிற்றின் மேல் நின்று அவன் சபிப்பதில்லை. தன் வாழ்க்கையை ஒரு கூத்துக் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைக்க முயல்கிறான்.

இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் படத்தின் கருத்து விளங்கும். அரசன் அநீதியைத் தனக்குக் கீழே உள்ளவர்கள் மேல் இறக்கி வைத்தான். கூத்தாடி அதைத் தன்னோடு நிறுத்திக்கொண்டு, அநீதி செய்தவனிடமே அதைப் பேசினான். எல்லாம் உள்ள அரசன் மறுபிறவி பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒன்றும் இல்லாத கூத்தாடியோ இதே பிறவியை மறுபடி கேட்கிறான்.

இறுதிக் காட்சியில் வரும் கலகப் படை கூத்தாடிகளுக்காக வரவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அமைச்சர்களின் பழி வேறு, அவர்களின் கணக்கும் வேறு. ஆட்சி மாறினாலும் கூத்தாடிகளின் வாழ்வு மாறுமா என்ற கேள்விக்கு விடை தராமல், அவர்களை அந்தரத்தில் நிறுத்துகிறார் இயக்குநர். அவர்கள் பிழைத்தார்களா, மடிந்தார்களா என்பது பார்வையாளரின் முடிவுக்கு விடப்படுகிறது.

வரலாறும் கற்பனையும்

கொங்கில் என்ற கூத்தாடி வரலாற்றில் இருந்தவன். யோன்சானின் ஆட்சிக் காலத்தைப் பதிவு செய்த நூலில் 1505-ஆம் ஆண்டுச் செய்திகளின் முடிவில் அவனைப் பற்றிய ஒரு சிறு குறிப்பு உள்ளது. முதிய அறிஞர் வேடமிட்டு ஆடிய அவன், அரசன் அரசனாகவும் குடி குடியாகவும் நடந்துகொள்ள வேண்டும் என்ற கன்பூசியக் கருத்தை எடுத்துக்காட்டி, அது தவறினால் சோறு இருந்தும் உண்ண முடியுமா என்ற பொருளில் பேசியிருக்கிறான். சினமுற்ற அரசன் அவனை அடித்து நாடு கடத்தினான். அவ்வளவே செய்தி. அரசன் அவன் மேல் காதல் கொண்டதாக அதில் இல்லை. ஜாங்செங் என்ற தோழனும் இல்லை. அந்தச் சில வரிகளிலிருந்தே நாடகமும் திரைப்படமும் வளர்ந்தன.

வரலாற்றிலிருந்து படம் விலகும் மற்ற இடங்கள்:

சோசொன்: வரலாற்றுச் சோசொன் பல மன்னர்களிடம் பணியாற்றிய மூத்த அரண்மனைப் பணியாளர். அரசனை நேருக்கு நேர் கண்டித்ததற்காக 1505-இல் கொல்லப்பட்டார். படத்தில் அவர் முடிவு வேறுவிதமாக அமைகிறது.

துணைவியர் கொலை: படத்தில் கூத்து நடக்கும்போதே கொலை நிகழ்கிறது. கூத்தோடு கொலைக்குத் தொடர்பு உண்டு என்பது கற்பனை.

சீனப் பாணிக் கூத்து: அரசியர் பூசலைக் காட்டும் கூத்து, பீக்கிங் இசை நாடகத்தை நினைவூட்டும் ஒப்பனையோடு வருகிறது. அந்த நாடக வகை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருவாகத் தொடங்கியது.

நம்சாதாங் குழுக்கள்: இவற்றைப் பற்றி நாம் அறியும் செய்திகள் பெரும்பாலும் ஜோசொன் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. 16-ஆம் நூற்றாண்டுக் கூத்தாடிகளும் அப்படியே இருந்தார்கள் என்று கொள்வது கலை உரிமை.

தேர்வுக்கு வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த வேறுபாடுகளை மனத்தில் கொள்வது நல்லது. அதே வேளையில், அரசவை வரலாற்றை எழுதியவர்கள் யோன்சானை வீழ்த்திய தரப்பின் காலத்தவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

நடிகர்களும் உருவாக்கமும்

ஜாங்செங்காகக் காம் ஊ-சுங், கொங்கிலாக லீ ஜூன்-கி, யோன்சானாக ஜுங் ஜின்-யங், நொக்சுவாகக் காங் சுங்-யோன், சோசொனாக ஜாங் ஹாங்-சொன், யுக்கப்பாக யூ ஹே-ஜின் நடித்தனர். கொங்கில் வேடத்துக்கு வந்தபோது லீ ஜூன்-கி பெரிதும் அறியப்படாத இளைஞர். இந்தப் படம் ஒரே வீச்சில் அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. இசை லீ பியுங்-ஊ. அரண்மனைக் காட்சிகள் வட ஜொல்லா மாநிலத்தின் புவான் பகுதியில் உள்ள படப்பிடிப்பு வளாகத்தில் எடுக்கப்பட்டன.

ஜுங் ஜின்-யங்கின் நடிப்பு குறிப்பிட்டுச் சொல்லத்தக்கது. ஒரே காட்சிக்குள் சிறுவனாகவும் கொலைகாரனாகவும் மாறும் அரசனை அவர் வெறுப்புக்கு மட்டும் உரியவனாக விட்டுவிடவில்லை. பார்வையாளர் அவனை மன்னிப்பதில்லை, ஆனால் அவன் ஏன் அப்படி ஆனான் என்பதைப் புரிந்துகொள்கிறார்.

வரவேற்பு

பெரிய நட்சத்திரங்களோ பெரும் பொருட்செலவோ இல்லாமல் வெளிவந்த படம் இது. ஆண்கள் இருவரிடையே உள்ள ஈர்ப்பைப் பேசும் வரலாற்றுப் படம் பொதுமக்களிடம் எடுபடுமா என்ற ஐயமும் இருந்தது. வாய்வழிப் பாராட்டே படத்தை வளர்த்தது. பலர் திரும்பத் திரும்பப் பார்த்தனர். கொரியாவில் 1 கோடியே 23 லட்சம் அனுமதிச் சீட்டுகள் விற்றன. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சமாக இருந்த காலம் அது. 'சில்மிதோ', 'தேகுக்கி' ஆகிய படங்களுக்குப் பிறகு 1 கோடிப் பார்வையாளர்களைத் தாண்டிய மூன்றாவது கொரியப் படம் இது. அதுவரை வந்த கொரியப் படங்களில் மிகுந்த பார்வையாளர்களைப் பெற்றது என்ற சாதனையையும் படைத்தது. 2006-இல் வெளிவந்த 'தி ஹோஸ்ட்' அந்தச் சாதனையை முறியடித்தது.

கொரியாவின் 'பெருமணி விருது' விழாவில் 2006-ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது. பிறமொழிப் படங்களுக்கான ஆஸ்கர் விருதுக்குக் கொரியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இதன் வெற்றிக்குப் பின் கொரியாவில் வரலாற்றுப் படங்கள் புதிய ஊக்கம் பெற்றன. அரசர்களின் போர்களையும் வெற்றிகளையும் சொல்வதோடு நில்லாமல், வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் வந்து மறையும் எளியவர்களைத் தேடி எழுதும் போக்குக்கும் இப்படம் வலுச் சேர்த்தது.